பொதிகை மலைக் காணிக்காரர்களின் சட்ட வரலாற்றைத் தேடுவது எப்படி?

பொதிகை மலைப் பழங்குடிகளான காணிக்காரர் என்ற பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குள் போனால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே வெறுங்கையோடு வெளியே வந்துவிடலாம். அட்டவணைப் புத்தகத்தில் அந்தப் பெயர் அநேகமாக இருக்காது. அரசாங்கம் அந்த மக்களுக்கென்று தனிக் கோப்பு போட்டது அபூர்வம். காட்டுக்குப் போட்டது, ஜமீனுக்குப் போட்டது, தேயிலைக்குப் போட்டது, அணைக்குப் போட்டது, புலிக்குப் போட்டது. அந்தக் கோப்புக் கட்டுகளுக்குள் எங்கேயாவது ஒரு பத்தியில், வேறு எதையோ சொல்லப் போகிற வழியில், மலைவாசிகள் சிலர் குடியிருக்கிறார்கள் என்று ஒரு குமாஸ்தா எழுதிவிட்டுப் போயிருப்பார். நமக்கு வேண்டியது அந்தப் பத்திதான்.

அதனால் என் முறை இதுதான்: மக்களின் பெயரைத் தேடாதீர்கள். இடத்தின் பெயரையும், அந்தந்தக் காலத்தில் அந்த இடத்துக்கு எஜமான் யார் என்பதையும் தேடுங்கள்.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி வருஷங்கள் பதிவறையில் கழிந்தன. இப்போது அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். சட்டக் கல்லூரிப் பிள்ளைகளும் அபிஷேகப்பட்டி பல்கலைக்கழகத்து ஆய்வு மாணவர்களும் அவ்வப்போது வருவார்கள். “அண்ணாச்சி, பூர்வகுடிகளுக்கும் அரசுக்கும் உள்ள சட்ட உறவுன்னு தலைப்பு எடுத்திருக்கேன்” என்பார்கள். எந்த நாடு என்று கேட்டால் ஆஸ்திரேலியா, கனடா. நல்லதுதான், ஆனால் அந்த நாட்டுத் தீர்ப்புகளை எல்லாரும் இணையத்தில் படித்துவிடலாம். பொதிகையின் நம் பக்கமான பாபநாசம் மலையைப் பற்றிய கோப்புக் கட்டை அவிழ்த்துப் பார்க்க இங்கே இருப்பவர்கள்தான் போக வேண்டும். இங்கே கை பழகினால் அங்கேயும் பழகும். வெளிநாட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

எஜமான் தாள்

பாபநாசம் மலையில் காணிக்காரர் குடியிருப்புகள் அகஸ்தியர் காணிக்குடியிருப்பு, சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி. ஒரு பெரிய தாளில் இந்த ஐந்தையும் இடது ஓரத்தில் எழுதுங்கள். மேலே வரிசையாக ஆண்டுகள். ஒவ்வொரு கட்டத்திலும், அந்த ஆண்டில் அந்த இடம் யார் கணக்கில் இருந்தது என்று நிரப்ப வேண்டும். ஐந்துக்கும் ஒரே பதில் வரும் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் ஓர் எல்லை, அந்தப் பக்கம் வேறு எல்லை என்று இருக்கும் மலை இது.

மேலே எழுத வேண்டிய ஆண்டுகளை நானே சொல்லிவிடுகிறேன். 1801-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து இந்தச் சீமை கம்பெனி கைக்கு முழுசாக வந்தது. 1802-ல் நிரந்தரத் தீர்வு ஒழுங்குமுறை, அதை ஒட்டிப் பாளையங்கள் ஜமீன்களாக மாறின. 1882-ல் மெட்ராஸ் காட்டுச் சட்டம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன், தன் காட்டில் 8,373.57 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அப்படி உண்டானவை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம். அதன்படி 1952-ல் சிங்கம்பட்டி ஜமீன் அரசு வசமானது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கத்தில் இருந்து நம் பக்கம் வந்தது. 1962-ல் முண்டந்துறை சரணாலயம், 1976-ல் களக்காடு சரணாலயம், 1988-ல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகம். 2007 டிசம்பர் ஒரு தனிக் கதை, பிறகு சொல்கிறேன். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிச் செங்கோட்டை அங்கே போனது.

இந்தத் தாள் ஏன் முக்கியம் என்றால், எஜமான் மாறும்போதெல்லாம் காகிதம் இருக்கும் கட்டடமும் மாறுகிறது. ஜமீன் காலத்துக் காகிதம் ஓரிடம், ஜமீன் போன பிறகு நிலம் யாருக்கு என்று தீர்த்த செட்டில்மெண்ட் காகிதம் ஓரிடம், வனத்துறைக் காகிதம் இன்னோரிடம். செங்கோட்டைப் பக்கத்து மலைக்கு 1956-க்கு முந்தைய காகிதம் வேண்டுமானால் திருவனந்தபுரத்துக்குத்தான் ரயில் ஏற வேண்டும். அங்கே கேரள ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ஓலைகள்கூட இருக்கின்றன. பழைய மலையாள எழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் பயணச் செலவு வீண்.

ஒரு எச்சரிக்கை. மாஞ்சோலை வழக்குகளையும் காணிக்காரர் வழக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். மாஞ்சோலையில் இருந்தவர்கள் தேயிலைக் கம்பெனி வேலைக்கு வெளியில் இருந்து கொண்டுவந்த தொழிலாளர்கள். அவர்கள் துயரம் பெரிது, ஆனால் சட்டக் கேள்வி வேறு. இருந்தாலும் அந்த வழக்குகளின் தீர்ப்புகளை அவசியம் படியுங்கள். ஜமீன், குத்தகை, கையகப்படுத்தல், காட்டு அறிவிப்பு என்று எல்லாத் தேதிகளையும் நீதிபதிகள் தீர்ப்பின் முன்பகுதியில் வரிசையாக எழுதிவைத்திருப்பார்கள். உங்கள் தாளில் பாதிக் கட்டங்கள் அதிலேயே நிரம்பிவிடும்.

1882-ம் வருஷத்துச் சட்டத்தைக் கையில் பிடியுங்கள்

நம் பக்கத்து வரலாற்றுக்கு அச்சாணி இந்தச் சட்டம்தான். இந்தியக் காட்டுச் சட்டம் 1878-லேயே வந்துவிட்டது. மெட்ராஸ் மட்டும் அதை ஏற்கவில்லை. ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடு இந்த மாகாணத்தில் அநேகமாக இல்லை, அங்கே ஜனங்களுக்கு அனுபோகம் உண்டு, சர்க்கார் முழுச் சொந்தம் கொண்டாட முடியாது என்று ரெவின்யூ போர்டு 1870-களில் வாதாடிக்கொண்டிருந்தது. வரி வசூலிக்கிற இலாகா ஜனங்கள் பக்கம் பேசியது ஆச்சரியமாக இருக்கலாம். காட்டு இலாகா வளர்ந்தால் தன் அதிகாரம் குறையும் என்ற கவலையும் அதில் உண்டு என்பது என் எண்ணம். எப்படியோ, இந்தியக் காட்டு இலாகாவின் தலைவராக இருந்த பிராண்டிஸ் துரை வந்து பார்த்துப் பேசி முடித்த பிறகு 1882-ல் தனிச் சட்டம் வந்தது. ரெவின்யூ போர்டு நடவடிக்கைக் குறிப்புகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாழ்வாரத்துச் சண்டை என்று அவற்றை ஒதுக்க வேண்டாம். காட்டில் மக்களுக்கு அனுபோக உரிமை உண்டு என்று அரசின் ஒரு கை ஒப்புக்கொண்ட எழுத்து அவற்றில்தான் இருக்கிறது.

சட்டத்தில் மூன்று பிரிவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 4-வது பிரிவு, இந்த எல்லைக்குள் உள்ள நிலத்தை ரிசர்வ் காடு ஆக்கப் போகிறோம் என்ற அறிவிப்பு. 6-வது பிரிவு, வன நிர்ணய அலுவலர் ஊருக்கு ஊர் பிரகடனம் செய்து, உரிமை கோருபவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கெடு கொடுப்பது. 16-வது பிரிவு, விசாரணை முடிந்து ரிசர்வ் காடு என்று அறிவிப்பது. கெடுவுக்குள் வந்து கோராத உரிமை அதோடு தீர்ந்தது. சட்ட வரலாறு எழுதுபவர் நிற்க வேண்டிய இடம் இந்த நடு இடைவெளி. பிரகடனம் எந்த ஊரில் ஒட்டப்பட்டது? தண்டோரா அம்பாசமுத்திரத்தோடு நின்றதா, காரையாறுக்கு மேலே போனதா? மலையில் இருந்து யாராவது இறங்கி வந்து வாக்குமூலம் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் எந்தப் பெயரில் பதிவானது?

அறிவிப்புகள் புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டிலும் ஜில்லா கெஜட்டிலும் அச்சாகியிருக்கும். முதலில் 16-வது பிரிவு அறிவிப்பின் தேதியைக் கண்டுபிடியுங்கள். அதில் நான்கெல்லை விவரம் இருக்கும். ஓடை, பாறை, மலை உச்சி என்று பெயர் சொல்லி எல்லை எழுதியிருப்பார்கள். அங்கிருந்து பின்னால் போய் 4-வது பிரிவு அறிவிப்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள வருஷங்களின் விசாரணைக் கோப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டும். முன்னால் இருந்து பின்னால் தேடினால் வருஷக் கணக்கில் அலைய வேண்டியிருக்கும். இறுதி அறிவிப்பில் இருந்து பின்னோக்கிப் போனால் கட்டு எண்ணே கையில் கிடைக்கும்.

1929 குத்தகைப் பத்திரத்திலும், 1952-க்குப் பிறகான செட்டில்மெண்ட் கோப்பிலும் இதே கேள்விதான். ஜமீன் ஒழிப்புச் சட்டம் ரயத்துக்கு, அதாவது ஜமீன் நிலத்தில் உழுத குடியானவருக்கு, பட்டா கொடுக்க வழி சொன்னது, ஜமீன்தாருக்கு நஷ்ட ஈடு சொன்னது. வயலில் உழுது ஜமீனுக்கு வாரம் அளக்காமல், காட்டில் கிழங்கு அகழ்ந்து தேன் எடுத்து இருந்தவர் அந்தச் சட்டத்தில் யார்? செட்டில்மெண்ட் அலுவலர் அவரை எந்தத் தலைப்பின் கீழ் எழுதினார், அல்லது எழுதாமலே விட்டார் என்று பாருங்கள். எழுதாமல் விட்டதும் ஒரு செய்திதான், ஆனால் அந்தக் கோப்பை முழுக்கப் புரட்டிய பிறகுதான் அதைச் சொல்லும் யோக்கியதை வரும்.

கோப்பு உயிரோடு இருக்கிறதா?

இது நான் வேலை பார்த்த உலகம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் அலுவலகங்களில் ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் எழுதிவிடுவார்கள். எல்.டிஸ். என்றால் ஒரு வருஷம். கே.டிஸ். மூன்று வருஷம். டி.டிஸ். பத்து வருஷம். ஆர்.டிஸ். என்றால் அழிக்கக் கூடாது, நிரந்தரம். பழைய கடிதத்தின் தலையில் எண்ணுக்கு முன்னால் இந்த எழுத்து இருக்கும். கே.டிஸ். என்று போட்ட 1955-ம் வருஷத்துக் கோப்பைத் தேடி நாலு அலுவலகம் ஏறி இறங்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது 1958-லேயே அடுப்புக்குப் போயிருக்கும். ஆர்.டிஸ். போட்டதை மட்டும் கிடைக்கவில்லை என்று சொன்னால் விடாதீர்கள். நிரந்தரக் கோப்பை அழிக்க யாருக்கும் அதிகாரமில்லை. பதிவறைப் பதிவேட்டில் அதன் வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

அழிந்த கோப்புக்கும் வழி உண்டு. தாலுகாவில் அழித்தாலும் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பிய பிரதி அங்கே இருக்கலாம். அங்கே இல்லாவிட்டால் கலெக்டர் அலுவலகம். கலெக்டர் மேலே எழுதியிருந்தால் ரெவின்யூ போர்டு, போர்டு அரசுக்கு எழுதியிருந்தால் அரசாணை. கீழே எழுதிய கடிதம் மேலே போகப் போக அச்சாகி, இணைப்பாக முழுசாக உட்கார்ந்திருக்கும். காகிதம் மேல்நோக்கித்தான் பிழைக்கிறது. அம்பாசமுத்திரத்தில் இல்லாததை சேரன்மகாதேவியில் தேடுங்கள், சேரன்மகாதேவியில் இல்லாததைக் கலெக்டர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்தில், கொக்கிரகுளத்தில் இல்லாததை எழும்பூரில்.

எழும்பூரில் ஆய்வு மாணவர் என்றால் கல்லூரியில் இருந்து கடிதம் கொண்டுபோக வேண்டும். மாவட்டத்தின் பழைய ஆங்கிலப் பெயர் டின்னவெல்லி என்று அட்டவணையில் இருக்கும். திருநெல்வேலி என்று தேடினால் பாதி தப்பிப்போகும். முதலில் ஸ்டூவர்ட்டின் 1879-ம் வருஷத்து ஜில்லா மேனுவலையும் பேட்டின் 1917-ம் வருஷத்து கெஜட்டியரையும் புரட்டுங்கள். காடு, ஜமீன் பகுதிகளைப் படித்தால் எந்த வருஷத்தில் என்ன நடந்தது என்று பிடி கிடைக்கும். தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகளில் காணிக்காரரைப் பற்றியும் உண்டு. அதில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதுவதுதான் இங்கே பலருடைய ஆய்வு. வெள்ளைக்காரர் மூக்கை அளந்த காலத்துப் புத்தகம் அது. அவர் சொன்ன பழக்கவழக்கத்தைவிட, அன்றைக்கு அவர்களை அரசு எப்படிப் பார்த்தது என்பதற்குத்தான் அது நல்ல சாட்சி.

பட்டியலில் பெயர் வந்த கதை

ஒரே ஒரு சின்ன வரியைத் தொடர்ந்து போனால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இது உதாரணம். 1976-ம் வருஷத்துத் திருத்தச் சட்டத்தின் பழங்குடியினர் பட்டியலில் காணிக்காரன், காணிக்கர் என்ற பதிவுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இடம் போட்டிருந்தார்கள்: கன்னியாகுமரி மாவட்டமும், திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டை தாலுகாவும். இரண்டும் 1956-ல் திருவிதாங்கூர் பக்கத்தில் இருந்து வந்தவை. பாபநாசம் மலை இருப்பதோ அம்பாசமுத்திரம் தாலுகாவில். அதே ஜனம், அதே பேச்சு, கொண்டான் கொடுத்தான் உறவு. ஆனால் பழைய சமஸ்தான எல்லைக்கு இந்தப் பக்கம் பிறந்தவருக்குப் பட்டியலில் இடமில்லை. பின்னால் வந்த திருத்தத்தில்தான் அம்பாசமுத்திரமும் சேர்ந்தது. ஆகவே ஒருவர் இன்ன வருஷத்தில் சாதிச் சான்று கேட்டார், மறுத்தார்கள் என்று கேள்விப்பட்டால், அதிகாரியைத் திட்டுவதற்கு முன்னால் அந்த வருஷத்துப் பட்டியலை எடுத்து அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படியுங்கள்.

வழக்குகளைத் தேடும்போது

எதிர்க்கட்சியாக இருக்கும் அரசின் பெயர் காலத்துக்குக் காலம் மாறும். வெள்ளைக்காரர் காலத்து வழக்குகளில் இந்திய மந்திரி என்று பொருள்படும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் என்ற பெயரில் அரசு நிற்கும். அப்புறம் மெட்ராஸ் மாகாணம், அப்புறம் மெட்ராஸ் ஸ்டேட், 1969-க்குப் பிறகுதான் தமிழ்நாடு அரசு. மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறந்தது. அதற்கு முந்தைய நம் ஜில்லா வழக்குகள் எல்லாம் சென்னையில். இணையத்தில் இந்தியன் கானூன் நல்ல கருவி, ஆனால் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்புகள் அதில் கிடைப்பது குறைவு. அம்பை முன்சீப் கோர்ட்டு, சேரன்மகாதேவி, திருநெல்வேலி கோர்ட்டுகளின் பதிவேடுகளுக்கு நேரில் போய் மனு போட வேண்டும்.

சமதா தீர்ப்பை இங்கே இழுக்காதீர்கள். 1997-ல் உச்ச நீதிமன்றம் ஆந்திரத்துக்குச் சொன்னது, பழங்குடிப் பகுதிகளுக்கென்று அரசியல் சாசனத்தில் உள்ள ஐந்தாவது அட்டவணைப் பகுதி பற்றியது. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குலம்கூட இல்லை. அதனால் அந்தப் பகுதிகளின் பஞ்சாயத்துகளுக்கான 1996-ம் வருஷத்து பெசா சட்டமும் இங்கே செல்லாது. ஆய்வேட்டில் இந்த ஒரு விஷயத்தைத் தப்பாக எழுதினால் வைவா எடுப்பவர் அங்கேயே மடக்கிவிடுவார்.

2007 டிசம்பரும் 13-வது விதியும்

வன உரிமைச் சட்டம் 2006-ல் நிறைவேறி 2007 டிசம்பர் 31-ல் அமலுக்கு வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால், டிசம்பர் 28-ல், களக்காடு முண்டந்துறை உள்படத் தமிழ்நாட்டுப் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளை அறிவித்து அரசாணை வந்தது. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள், விளக்கமே வேண்டாம். அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் 2008-ல் பிறப்பித்த இடைக்கால ஆணையால், உரிமைச் சான்று வழங்கும் முன் கோர்ட்டு அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது 2016-ல். மற்ற மாநிலங்கள் சான்று கொடுத்துக்கொண்டிருந்த அந்த எட்டு வருஷமும் இங்கே கோப்பு நின்றது. அந்தக் காலத்துக் கடிதப் போக்குவரத்து எல்லாம் இன்னும் அலுவலகங்களில் உயிரோடு இருக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கலாம்.

ஆய்வாளருக்கு இந்தச் சட்டத்தில் உள்ள புதையல் விதிகளில் 13-வது விதி. எதெல்லாம் சாட்சியம் என்று அது பட்டியல் போடுகிறது: கெஜட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, சர்வே செட்டில்மெண்ட் அறிக்கை, வனத்துறையின் செயல்திட்டங்கள், முன்னாள் சமஸ்தானங்களும் இடைத்தரகர்களும் கொடுத்த உரிமை, சலுகைக் காகிதங்கள், கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம், வம்சாவளி, உரிமை கோராத பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம். சமஸ்தானம் என்றால் நமக்குத் திருவிதாங்கூர், இடைத்தரகர் என்றால் சிங்கம்பட்டி ஜமீன். நம் மலையை மனதில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும். இந்த வகைகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்க வேண்டும். எனவே உங்கள் ஆய்வு ஏட்டோடு நிற்காது, ஒரு குடும்பத்தின் மனுவில் இணைப்பாகப் போகும். அதை நினைத்து எழுதுங்கள்.

இன்னொன்று சொல்கிறேன், பலர் கவனிப்பதில்லை. அபராத ரசீது, குற்றக் குறிப்பு, 1905-ம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வந்த பி மெமோ என்ற நோட்டீஸ். வீட்டில் பெரியவர்கள் பயத்தில் கிழித்துப் போட்டிருப்பார்கள், அல்லது அரிசிப் பானைக்கடியில் ஒளித்து வைத்திருப்பார்கள். ஆக்கிரமிப்பாளர் என்று அரசு எழுதிய அந்தத் தாள், இன்ன தேதியில் இன்னார் இன்ன இடத்தில் இருந்தார் என்பதற்கு அரசின் கையெழுத்தோடு கூடிய சாட்சி. கோருபவர் 2005 டிசம்பர் 13-க்கு முன்னாலிருந்தே அங்கே இருந்தார் என்று காட்ட வேண்டியிருக்கும்போது, 1980-களின் அபராத ரசீதைவிட நல்ல காகிதம் எது?

தகவல் மனு

பத்து ரூபாய்க் கோர்ட்டு வில்லை ஒட்டி மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பிள்ளைகள் காணிக்காரருக்கு ஏன் பட்டா தரவில்லை என்று கேட்டு எழுதுகிறார்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது, அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். இன்ன எண்ணுள்ள கோப்பை, இன்ன பதிவேட்டின் இன்ன வருஷத்துப் பக்கங்களை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும், வேண்டிய பக்கங்களுக்கு நகல் வேண்டும் என்று கேளுங்கள். பார்வையிடும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. கட்டு உங்கள் முன்னால் வந்துவிட்டால், கேட்காத பக்கமும் கண்ணில் படும். மின்வாரியத்திடமும் கேளுங்கள். 1940-களின் காரையாறு அணைக்கும், பிறகு வந்த சேர்வலாறு அணைக்கும் நிலம் எடுத்த கோப்புகள் வனத்துறையிடம் இல்லாத வரைபடங்களோடு அங்கே இருக்க வாய்ப்புண்டு.

மலைக்குப் போகும்போது

பாபநாசம் சோதனைச் சாவடியைத் தாண்டி ஆய்வுக்குப் போக வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போகிற மாதிரி போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். இஞ்சிக்குழி காரையாறு நீர்த்தேக்கத்துக்கு அப்பால் இருக்கிறது, படகு அல்லது காட்டு நடை.

முதலில் மூட்டுக்காணியைப் பாருங்கள். அவர்தான் ஊர்த் தலைவர். பிலாத்தி பூசையும் வைத்தியமும் அறிந்தவர். கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிக்கொண்டு அவர்கள் பாடும் சாற்றுப்பாட்டில் மலைப் பெயர்கள் வரும். நான்கெல்லை எழுதிய பழைய அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஓடை, பாறைப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அறிவிப்பில் குமாஸ்தா குளறுபடியாக எழுதிய பெயர் எது என்று அவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். பேட்டிக்கு ஐம்பது கேள்விகள் அச்சடித்துக்கொண்டு போவதைவிட இது மேல். மருந்துச் செடி பற்றி மட்டும் கிளறாதீர்கள். மேற்கே கேரளத்துக் காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையில் இருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. 1995-ல் ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார்கள், 1997-ல் சமூகத்துக்கென்று அறக்கட்டளை ஏற்பட்டது. யாரைக் கேட்டு யார் சொன்னார்கள் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. வெளியாள் செடி கேட்டால் அவர்கள் வாயை மூடிக்கொள்வது நியாயம்.

இனி கனடாவும் ஆஸ்திரேலியாவும்

குடியேறியவர்கள் அமைத்த அரசுகளுக்கும் நம் நிலைமைக்கும் வித்தியாசம் உண்டு, மறைக்க வேண்டாம். இந்தியா 2007 செப்டம்பர் 13-ல் ஐநா பூர்வகுடிகள் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் இந்தியர் எல்லாருமே பூர்வகுடிகள் என்பதுதான் அரசின் நிலை. அன்றைக்கு எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகள் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா. அங்கெல்லாம் உரிமை கொடுப்பதாகச் சட்டமும் தீர்ப்பும் நிறைய இருந்தது, அதனால்தான் பயந்தார்கள் என்பது என் எண்ணம். பழங்குடிகள் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 107-வது உடன்படிக்கையை இந்தியா 1958-லேயே ஏற்றது, பிறகு வந்த 169-ஐ ஏற்கவில்லை. நம் அரசின் நிலைக்கு இந்த இரண்டு வரியே போதும்.

கனடாவில் நம் முறை தலைகீழாகும். அங்கே அந்த மக்களை நிர்வகிக்கவே ஓர் இலாகா இருந்தது. அதன் காகிதங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 10 என்ற தொகுப்பில் இருக்கின்றன. அங்கே மக்களின் பெயரிலேயே தேடலாம். 1871 முதல் 1921 வரை எண் போட்ட பதினோரு ஒப்பந்தங்கள் உண்டு. நமக்கு ஒப்பந்தம் என்று ஒன்றும் இல்லை, காட்டுச் சட்டத்தின் கெடு மட்டும்தான். ஒப்பந்தம் பெரும்பாலும் போடப்படாத பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருந்துதான் பெரிய வழக்குகள் வந்தன என்பதைக் கவனியுங்கள். 1973-ல் நிஸ்கா மக்களின் கால்டர் வழக்கில் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் பூர்வகுடி உரிமை சட்டத்தில் உண்டு என்றார்கள். அது அழிந்துவிட்டதா என்பதில் மூன்றுக்கு மூன்று. ஏழாமவர் நடைமுறைக் குறையைச் சொல்லி முடித்துவிட்டார். வழக்கு தோற்றது, சட்டம் மாறியது. 1997-ல் டெல்கமூக் வழக்கில், வாய்மொழி வரலாற்றுக்கு உரிய மதிப்பு கொடுக்காமல் கீழ்க்கோர்ட்டு தள்ளியது தப்பு என்று உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு அனுப்பியது. நம் 13-வது விதியின் பெரியவர்கள் வாக்குமூலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டிய தீர்ப்பு.

ஆஸ்திரேலியாவில் குடியேற்றக் காலத்தில் அரசு போட்ட ஒப்பந்தமே இல்லை, அங்கே நம் முறை அப்படியே பொருந்தும்: நில அளவை, மேய்ச்சல் குத்தகை, மிஷன் ரிப்போர்ட்டுகள். பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்ற 1992 ஜூன் 3-ம் தேதி மாபோ தீர்ப்பைப் படிப்பவர்கள், குயின்ஸ்லாந்து அரசு 1985-ல் அவசரமாகக் கொண்டுவந்த சட்டத்தையும் படிக்க வேண்டும். 1879-ல் வழக்குக்குரிய டாரஸ் நீரிணைத் தீவுகளைத் தன்னோடு இணைத்தபோதே எல்லா உரிமையும் போய்விட்டது என்று பின்தேதியிட்டுச் சொல்லப் பார்த்தார்கள். 1988-ல் அந்த நாட்டின் உச்சக் கோர்ட்டான உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. இல்லாத உரிமையை ஒழிக்க யாராவது சட்டம் போடுவார்களா?

நகல்களை என்ன செய்வது

எடுத்த ஒவ்வொரு நகலின் பின்புறமும் பென்சிலில் காப்பகம், கட்டு எண், பக்கம், தேதி எழுதுங்கள். இரண்டு செட் போடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று குடியிருப்பின் கிராம சபைக்கு. முக்கியமான காகிதங்களுக்குச் சாதா நகல் போதாது, சான்றிட்ட நகல் வாங்குங்கள். கோரிக்கை முதலில் கிராம சபைக்கு, அங்கிருந்து சேரன்மகாதேவி உட்கோட்டக் குழுவுக்கு, பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்குப் போகும். கிராம சபைத் தீர்மானத்திலேயே கட்டு எண்களைக் குறிப்பிடச் சொல்லுங்கள். பின்னால் காகிதம் இணைக்கப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. உட்கோட்டக் குழு தள்ளிவிட்டால் மாவட்டக் குழுவுக்கு மனுச் செய்ய 60 நாள் கெடு, தள்ளிய உத்தரவின் தேதியையும் அது எழுத்தில் கைக்கு வந்த தேதியையும் மறக்காமல் குறித்து வையுங்கள். மாவட்டக் குழுவின் முடிவே இறுதி. அதற்கு மேல் மதுரைக் கிளையில் ரிட் மனு. அங்கே போகும்போது வக்கீல் முதலில் கேட்பது அந்த எஜமான் தாளைத்தான்.